பெண் மூலமும் 77 நிமிஷ ஏப்பமும்

டிஸ்கி: இது ஜோசியப் பதிவு இல்லை. தலைப்புல 'மூலம்'னு பார்த்துட்டு மருத்துவக் குறிப்புன்னு நினைச்சு உள்ள வந்த அன்பர்களும் மன்னிக்கணும் :-) வானத்தைப் பத்தின பதிவு. கொஞ்சம் நீளம். டீயை கையில எடுத்துட்டு வந்து உக்காருங்க.

வாட்ஸ்அப்புல ஒரு சமாச்சாரம் சுத்திக்கிட்டே இருக்கு. உங்களுக்கும் வந்திருக்கும். நம்ம பால்வீதியோட மையம் மூல நட்சத்திரத்துல இருக்காம். மூலம்னா வேர். அதனால நம்ம முன்னோர்களுக்கு அங்கதான் மையம்னு எப்பவோ தெரியுமாம். வெள்ளைக்காரன் இப்பதான் கண்டுபிடிச்சானாம். ஷேர் பண்ணுங்கள்.

இதுல பாதி சரி. திசைக் கணக்கு சரிதான். நம்ம பஞ்சாங்கக் கணக்குல தனுசு ராசியோட முதல் பதிமூணு டிகிரி சொச்சம் மூலம். பால்வீதி மையம் அதுல மூணாவது டிகிரிக்குப் பக்கத்துல விழுது. மார்கழி பொறந்த ரெண்டு மூணு நாள்ல சூரியனே அந்தத் திசையில போய் நிக்கும். ஆனா 'தெரியும்'ங்கறது வேற விஷயம். கண்ணால பார்த்தா அங்க மையம்னு ஒண்ணும் தெரியாது, நடுவுல இருக்கிற தூசி மொத்தத்தையும் மறைக்குது. 1918-ல் ஹார்லோ ஷாப்லி, கோளக் கொத்துகள் எந்தப் பக்கம் குவிஞ்சிருக்குன்னு எண்ணிப் பார்த்துதான் மையம் இந்தத் திசைன்னு சொன்னார். அப்புறம் 1930-களின் தொடக்கத்துல கார்ல் ஜான்ஸ்கின்னு ஒரு எஞ்சினியர். பெல் கம்பெனியில வேலை. கடல் தாண்டிப் போற டெலிபோன்ல இரைச்சல் எங்கேர்ந்து வருதுன்னு கண்டுபிடிக்கச் சொன்னாங்க. அவர் ஆன்டெனா கட்டிக் கேட்டார். ஒரு 'உஸ்ஸ்' சத்தம் தினமும் வருது, ஆனா தினமும் 4 நிமிஷம் முன்னாடியே வருது. சூரியன்னா 24 மணிக்கு ஒருதரம் வரணும். 23 மணி 56 நிமிஷத்துக்கு ஒருதரம்னா அது நட்சத்திரக் கணக்கு. சத்தம் வந்த திசை, நம்ம மூலத் திசை. 1933-ல் அறிவிச்சார். ரேடியோ வானியல்ங்கற துறையே இப்படித்தான் பொறந்துச்சு.

முன்னோர் பெருமை பேசுறவங்ககிட்ட எனக்கு ஒரே ஒரு கேள்விதான். அந்த நட்சத்திரத்தை வெச்சு நாம இத்தனை வருஷமா என்ன பண்ணிக்கிட்டு இருக்கோம்? 'ஆண் மூலம் அரசாளும், பெண் மூலம் நிர்மூலம்'னு சொல்லி, மூலத்துல பொறந்த பொண்ணுங்க ஜாதகத்தைத் தரகர்கிட்ட திருப்பிக் குடுத்துக்கிட்டு இருக்கோம். மாமனாருக்கு ஆகாதாம். கேட்டா, அது அப்படி இல்லீங்க, பழமொழிக்கு உண்மையான அர்த்தம் வேறன்னு ஒரு பத்து விளக்கம் வரும். விளக்கம் சொல்றவர் வீட்டுப் பையனுக்கு மூலத்துல பொறந்த பொண்ணு எடுக்கச் சொல்லிப் பாருங்க.

சரி, ஏப்பத்துக்கு வருவோம்.

2002 செப்டம்பர் 30. அமெரிக்காவுல நியூ மெக்சிகோ பாலைவனத்துல இருக்கிற விஎல்ஏ தொலைநோக்கி. 27 கிண்ண ஆன்டெனா, ஒவ்வொண்ணும் 25 மீட்டர் அகலம். பால்வீதி மையத்தைச் சுத்தியுள்ள பகுதியை 330 மெகாஹெர்ட்ஸ்ல பார்த்துக்கிட்டு இருந்துச்சு. அலைநீளம் ஒரு மீட்டருக்குக் கொஞ்சம் கம்மி. பிறகு அந்தத் தரவை அலசிப் பார்த்தப்ப மையத்துலேர்ந்து ஒண்ணேகால் டிகிரி தள்ளி ஒரு புள்ளி பளிச்னு எரிஞ்சிருக்கு. சுமார் 10 நிமிஷம். அப்புறம் காணோம். 77 நிமிஷம் கழிச்சு மறுபடி 10 நிமிஷம். மறுபடி காணோம். இப்படி அந்த ஒரே அமர்வுல அஞ்சு தடவை, கடிகாரம் வெச்ச மாதிரி. 2005 மார்ச் மாசம் நேச்சர் இதழ்ல வந்துச்சு. ஜிசிஆர்டி ஜே1745-3009 அப்படின்னு பேர் வெச்சாங்க. வாயில நுழையாத பேரா இருக்கேன்னு 'பர்ப்பர்'னு செல்லப் பேரும் வந்துச்சு. நம்ம ஊர்ல சொன்னா ஏப்பக்காரன். நான் அப்படியே கூப்பிடப் போறேன்.

விஎல்ஏவுக்கு ஒரு தொந்தரவு உண்டு. அது வடக்கே 34 டிகிரியில இருக்கு. ஏப்பக்காரன் இருக்கிற தெற்கு வானம் அங்கேர்ந்து அடிவானத்துக்கு மேல 26 டிகிரிதான் ஏறும். புதுக்கோட்டையில நின்னு பார்த்தா அதே இடம் கிட்டத்தட்ட 50 டிகிரி உசரத்துக்கு வரும். ஆடி, ஆவணி மாசத்துல மேகம் இல்லாத ராத்திரி ஒன்பது மணிக்கு எங்கயாவது கம்மாய்க் கரையில தெற்கே பார்த்து நில்லுங்க. தேள் வாலை வளைச்சுக்கிட்டு நிக்கும். அந்த வால் கொடுக்குக்கு இடது பக்கம், கொஞ்சம் மேல. அதான் இடம். (கஜா புயல் அடிச்சப்ப வாரக்கணக்குல கரண்ட் இல்லாம ஊரே இருட்டா இருந்துச்சே, அப்ப பார்த்தீங்களான்னு கேக்காதீங்க. அது 2018 நவம்பர் மாசம். அந்த மாசத்துல பொழுது சாஞ்ச கொஞ்ச நேரத்துல இந்தப் பகுதியும் மறைஞ்சிடும். அதோட அப்ப வானம் பார்க்குற மனநிலையில இங்க யாரும் இல்ல.)

அடுத்த கட்டம் நம்ம நாட்டுல. புனேக்கு வடக்கே நாராயண்கான் பக்கம் ஜிஎம்ஆர்டி இருக்கு. 45 மீட்டர் அகலத்துல 30 கிண்ணம், 25 கிலோமீட்டர் சுத்துக்குப் பரப்பி வெச்சிருக்காங்க. கட்டினவர் கோவிந்த் ஸ்வரூப். இவர்தான் அதுக்கு முன்னாடியே, 1970-ல், நம்ம ஊட்டிக்குப் பக்கத்துல முத்தொரையில 530 மீட்டர் நீளத் தொலைநோக்கியை முடிச்சவர். மலைச் சரிவு சுமார் 11 டிகிரி, ஊட்டியோட அட்சரேகையும் 11 டிகிரி. அதனால சரிவுல வடக்கு தெற்காப் படுக்க வெச்சா தொலைநோக்கியோட அச்சு தானாவே பூமியோட அச்சுக்கு இணையா அமைஞ்சிடும். ஒரே ஒரு பக்கமாத் திருப்பினாப் போதும், வானத்து ஆளை ஒன்பது மணி நேரத்துக்கு மேல விடாமத் துரத்தலாம். எனக்கு ரொம்பப் பிடிச்ச எஞ்சினியரிங் குறும்பு இது. 1970-களின் தொடக்கத்துல, நிலா பால்வீதி மையத்தை மறைச்சுக்கிட்டுப் போன சமயம் பார்த்து ஊட்டியில அளந்திருக்காங்க. எந்த நொடியில எந்தப் பகுதி மறையுதுன்னு குறிச்சா உள்ள என்ன எங்க இருக்குன்னு தெரியும். ஆக மூலத் திசையை ரேடியோவுல கேக்குறது தமிழ்நாட்டுக்குப் புதுசு இல்லை.

ஜிஎம்ஆர்டி 2003 செப்டம்பர் 28 அன்னிக்கு ஏப்பக்காரனை மறுபடி புடிச்சுச்சு. ஒரே ஒரு ஏப்பம். அப்புறம் 2004 மார்ச் 20, ரொம்ப மெலிசா, ரெண்டு நிமிஷத்துக்கு ஒண்ணு. அதுவும் ஜிஎம்ஆர்டிதான். அவ்வளவுதான் மக்களே. 5 + 1 + 1. அதுக்கப்புறம் எத்தனையோ பேர் தேடிட்டாங்க, ஆள் உறுதியா சிக்கல. ஏழு ஏப்பத்துல நின்னு போச்சு கதை. நம்ம பத்திரிகைகள் எதுலயாவது 'அமெரிக்கத் தொலைநோக்கி கண்டது, இந்தியத் தொலைநோக்கி ரெண்டு தரம் உறுதி செய்தது'ன்னு படிச்ச ஞாபகம் இருக்கா? எனக்கு இல்லை.

சரி, இதுல என்ன அப்படி மர்மம்? ஒரு பொருள் சில நிமிஷத்துல எரிஞ்சு அணையுதுன்னா, அது சில ஒளிநிமிஷ தூரத்தைவிடப் பெருசா இருக்க முடியாது. ஒரு முனைக்கும் மறு முனைக்கும் சேதி போய்ச் சேரவே அதைவிட நேரம் ஆகுமே. ஏப்பக்காரன் நிஜமாவே பால்வீதி மையத்துல, அதாவது 26,000 ஒளியாண்டுக்கு அப்பால இருந்தா, இவ்வளவு சின்ன இடத்துலேர்ந்து இவ்வளவு வெளிச்சம் வரணும்னா அதோட 'வெப்பநிலை'ன்னு கணக்குப் போட்டா, சாதாரண முறையில எலக்ட்ரான்கள் தன்னிச்சையா ரேடியோ அலை வீசுறதுக்கு இருக்கிற உச்ச வரம்பைவிட பத்தாயிரம் மடங்கு கூட வருது. வரம்பே ஒரு லட்சம் கோடி டிகிரி. அப்ப எலக்ட்ரான்கள் எல்லாம் சேர்ந்து ஒரே தாளத்துல வீசணும். திருவிழாக் கூட்டத்துல ஆயிரம் பேர் அவங்கவங்க இஷ்டத்துக்குக் கை தட்டினா இரைச்சல். அதே ஆயிரம் பேர் கும்மி அடிச்சா ஊருக்கே கேக்கும். (பின்னூட்டக் கும்மி இல்லீங்க, நிஜக் கும்மி.) 2003-ல் ஜிஎம்ஆர்டி பிடிச்ச ஏப்பத்தை மறுபடி அலசி 2010-ல் ஒரு கட்டுரை வந்துச்சு, சுபாஷிஷ் ராய் முதல் ஆசிரியர். அந்த அலை வட்டமா முறுக்கிக்கிட்டு வந்திருக்குன்னு, அதாவது வட்ட முனைவாக்கம் பலமா இருக்குன்னு காட்டினாங்க. இது கும்மிதாங்கறதுக்கும், அங்க பலமான காந்தப்புலம் இருக்குங்கறதுக்கும் சாட்சி.

கும்மி அடிக்கிற ஆள் நமக்கு ஏற்கெனவே தெரியும், பல்சார். செத்த நட்சத்திரத்தோட மிச்சம், கலங்கரை விளக்கம் மாதிரி சுத்துறது. ஆனா பல்சார் நொடிக்கணக்குல சுத்துற சாதி. 77 நிமிஷத்துக்கு ஒரு சுத்து சுத்துற பல்சாருக்கு ரேடியோ அலை வீசுற அளவுக்குத் தெம்பு இருக்காதுன்னு பாடப் புத்தகம் சொல்லுது. அதனால 2005-லயே ஆளாளுக்கு ஒரு யோசனை சொன்னாங்க. ஒண்ணையொண்ணு சுத்துற ரெண்டு நியூட்ரான் நட்சத்திரம்னு ஒருத்தர். குறு நட்சத்திரம் வெடிச்சுப் பொங்குதுன்னு ஒருத்தர். பிங் ஜாங், யானுஷ் கில் ரெண்டு பேரும் வெள்ளைக் குறுமீன் ஒண்ணு பல்சார் மாதிரி நடந்துக்குதுன்னு எழுதினாங்க. எதையும் நிரூபிக்க வழியில்ல. ஏழு ஏப்பத்தை வெச்சுக்கிட்டு என்னத்த நிரூபிக்க?

இங்க ஒண்ணு கவனிக்கணும். 'பால்வீதி மையக் கருந்துளையிலிருந்து மர்ம சிக்னல்'னு செய்தி போடுறாங்க இல்லையா, அது திசையை தூரமாக்குற வேலை. குடுமியான்மலை பக்கமா ராத்திரி ஒரு வெளிச்சம் தெரியுதுன்னா, அது மலை மேல எரியுற விளக்காவும் இருக்கலாம், அடுத்த வயல் மோட்டார் கொட்டகை பல்பாவும் இருக்கலாம். ஏப்பக்காரன் நமக்கு ரொம்பப் பக்கத்துல இருக்கிற ஒரு சோப்ளாங்கி நட்சத்திரமாக்கூட இருக்கலாம்னுதான் முதல் கட்டுரையிலேர்ந்தே சொல்லிட்டு வர்றாங்க. மையத்துல கருந்துளை இருக்கு, சூரியனைப்போல சுமார் 40 லட்சம் மடங்கு எடை, அதுக்கு 2020-ல் நோபல் பரிசு குடுத்தாச்சு, 2022 மே மாசம் படமும் வந்தாச்சு. ஆனா அதுக்கும் ஏப்பத்துக்கும் சம்பந்தம் இருக்குன்னு யாரும் காட்டல. 2021-ல் ஆஸ்திரேலியாவோட ஏஸ்கேப் தொலைநோக்கி மையத்துலேர்ந்து 4 டிகிரி தள்ளி இன்னொரு மர்ம ஆளைக் கண்டுபிடிச்சது. அப்பவும் இதே தலைப்புதான், கூடவே ஏலியன் படம், பச்சைக் கலர்ல. தெரியலைன்னா 'தெரியலை'ன்னு தலைப்புப் போட்டா யாரும் கிளிக் பண்ண மாட்டாங்கன்னு பயம் போல.

கதை 2022-ல் திரும்புச்சு. மேற்கு ஆஸ்திரேலியாவுல ஒரு இளநிலை மாணவர், டைரோன் ஓடோஹர்ட்டின்னு பேர். 2018-ல் எடுத்து வெச்ச பழைய தரவுல தேடுறதுக்கு ஒரு முறை எழுதினார். 18 நிமிஷத்துக்கு ஒரு தரம் எரியுற ஒரு பொருள் வந்து விழுந்துச்சு. நடாஷா ஹர்லி-வாக்கர் குழு 2022 ஜனவரியில நேச்சர்ல போட்டாங்க. அதே குழு 2023 ஜூலையில இன்னொண்ணு, 22 நிமிஷ ஆள். இதை உறுதி பண்ண பழைய கிடங்குகளைத் தோண்டினாங்க பாருங்க, அங்கதான் எனக்குப் புல்லரிச்சுது. விஎல்ஏவோட கிடங்கு, நம்ம ஜிஎம்ஆர்டியோட கிடங்கு ரெண்டுலயும் அந்த ஆள் இருந்திருக்கு. 1988-லேர்ந்து எரிஞ்சு அணைஞ்சுக்கிட்டு இருந்திருக்கு. முப்பத்தஞ்சு வருஷமா தரவு இருந்துச்சு, பார்க்க ஆள் இல்ல.

அப்புறம் மடமடன்னு வர ஆரம்பிச்சுது. 2024-ல் மனிஷா காலேப் குழு 54 நிமிஷ ஆளைச் சொன்னாங்க. ஏறக்குறைய 3 மணி நேர ஆள் ஒண்ணு அதே வருஷக் கடைசியில. 2025-ல் 125 நிமிஷ ஆள். அது ஒரு வெள்ளைக் குறுமீனும் ஒரு சிவப்புக் குறுமீனும் ஜோடியாச் சுத்துறதுன்னு தெளிவா அளந்துட்டாங்க. அதே 2025 மே மாசம் 44 நிமிஷ ஆள் ஒண்ணு ரேடியோவோட எக்ஸ் கதிரையும் சேர்த்து வீசுதுன்னு வந்துச்சு. 18, 22, 44, 54, 125. இந்த வரிசையில 77-ஐ வெச்சுப் பாருங்க, பந்தியில காலியா இருந்த இலை மாதிரி போய் உக்காருது. நீண்ட கால இடைவெளி ரேடியோ வெடிப்பிகள்னு இப்ப இதுக்கு ஒரு சாதிப் பேரே வந்தாச்சு. ஏப்பக்காரன் இந்தச் சாதியில மொதல்ல பார்த்த ஆளா இருக்கலாம்னு பலரும் எழுதுறாங்க. சிலது வெள்ளைக் குறுமீன் ஜோடி, சிலது மெதுவாச் சுத்துற நியூட்ரான் நட்சத்திரமா இருக்கலாம். நம்மாளு எதுன்னு கேட்டா, அவர் திரும்ப ஏப்பம் விட்டாத்தான் தெரியும்.

நான் இந்தப் பதிவை எழுத உக்காந்ததே இனிமே சொல்லப் போற விஷயத்துக்காக. அந்த ஏழுல முதல் அஞ்சு ஏப்பத்தைக் கண்டுபிடிச்சது யார் தெரியுமா? ஹார்வர்டு இல்லை, கால்டெக் இல்லை. ஸ்காட் ஹைமன்னு ஒரு வாத்தியார். வர்ஜீனியா மாநிலத்து கிராமப்புறத்துல ஸ்வீட் பிரையர்னு ஒரு மகளிர் கல்லூரி. 1901-ல் ஆரம்பிச்சது. மொத்தமே சில நூறு பொண்ணுங்க படிக்கிற இடம். அங்க இயற்பியல் சொல்லிக் குடுத்துக்கிட்டு, இளநிலை படிக்கிற பொண்ணுங்களையும் கூட உக்கார வெச்சு, பால்வீதி மையத்தை எடுத்த ரேடியோ படங்களை வரிசையா வெச்சு 'இதுல இருக்கிறது அதுல இல்லையே, அதுல இருக்கிறது இதுல இல்லையே'ன்னு வருஷக்கணக்கா ஒப்பிட்டுக்கிட்டு இருந்தார். ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க கூட்டு சேர்ந்தாங்க, வாஸ்தவம். கடற்படை ஆய்வகத்துலேர்ந்து லேசியோ, காசிம் எல்லாம் உண்டு. ஆனா தேடல் அந்தக் கல்லூரியோடது. 2006-ல் ஜிஎம்ஆர்டி ஏப்பத்தைப் பத்தி வந்த கட்டுரையில அங்க படிச்ச மாணவி ஒருத்தர் பேரும் ஆசிரியர் பட்டியல்ல இருக்கு. இப்படிப்பட்ட கல்லூரியையே 2015-ல் காசு இல்லைன்னு மூடப்போறதா அறிவிச்சாங்க. பழைய மாணவிகள் சண்டை போட்டு, பணம் திரட்டி, சில மாசத்துல மீட்டெடுத்தாங்க. அது தனிக் கதை.

ஆக, மூல நட்சத்திரத் திசையில இருந்த ஒரு மர்மத்தை உலகத்துக்குக் காட்டின இடம் ஒரு கிராமத்து மகளிர் கல்லூரி. பெண் மூலம் நிர்மூலம்னா இதுதான் போல :-)

இப்ப நம்ம மாவட்டத்துக்கு வாங்க. எங்க சொந்தத்துல ஒரு பொண்ணு. அறந்தாங்கிப் பக்கத்து ஊர். அப்பா விவசாயம், வீட்டுல முதல் பட்டதாரி. பி.எஸ்சி. இயற்பியல். நல்லாப் படிக்கிற புள்ள. கடைசி வருஷம் பிராஜெக்ட் பண்ணணும். என்னம்மா பண்ணேன்னு கேட்டேன். "பிராஜெக்ட் சென்டர்ல குடுத்துட்டோம் சித்தப்பா, நாலு பேர் சேர்ந்து ஆளுக்குக் கொஞ்சம் காசு போட்டோம்"ங்கறா. தலைப்பு என்னன்னு கேட்டா மழைத் தண்ணி வந்தா மணி அடிக்கிற சர்க்யூட்டாம். போன வருஷ செட்டும் அதுதானாம், அதுக்கு முந்தின வருஷமும் அதுதானாம். கல்லூரி பேர் வேண்டாம், பல இடத்துல இதே நிலைமைதான். அவ மூல நட்சத்திரம் வேற. படிப்பு முடிஞ்சு வரன் பார்க்க ஆரம்பிச்சதுலேர்ந்து மூணு ஜாதகம் திரும்பி வந்தாச்சு. அந்தப் புள்ளைகிட்ட நான் பால்வீதி மையத்தைப் பத்திச் சொன்னப்ப அவ கேட்ட முதல் கேள்வி, "அப்ப அந்த ஸ்டார்ல தப்பு ஒண்ணும் இல்லதானே சித்தப்பா?" மூணு வருஷம் இயற்பியல் படிச்ச புள்ள கேக்குறா. தப்பு அவ மேல இல்லை. வகுப்புல வானத்தைப் பத்தி யாரும் அவகிட்ட ஒரு வார்த்தை பேசினதில்லை.

நான் சொல்ல வர்றது சிம்பிள். இந்த வேலைக்குத் தொலைநோக்கி கட்ட வேண்டாம், அது கட்டியாச்சு. ஜிஎம்ஆர்டி தரவுகள் ஒரு குறிப்பிட்ட காலம் வரைக்கும் கேட்டவருக்கு மட்டும். அப்புறம் இணையக் கிடங்குல பொதுவுக்குத் திறந்து விடுறாங்க. விஎல்ஏ கிடங்கும் அப்படித்தான். 2010-லேர்ந்து 2012 வரைக்கும் ஜிஎம்ஆர்டி 150 மெகாஹெர்ட்ஸ்ல வானத்துல பெரும்பகுதியைப் படம் எடுத்துச்சு, டிஜிஎஸ்எஸ்னு பேர். 2017-ல் அதைச் சுத்தம் பண்ணி வெளியிட்டாங்க. வானத்துல 90 சதவீதம், ஆறு லட்சத்துக்கும் மேல ரேடியோ மூலங்கள். (இந்த மூலம் வேற!) படமாவே கிடைக்குது. பார்க்கறதுக்கு பிரவுசர் போதும். தரவுலேர்ந்து நாமளே படம் செய்யணும்னா காசான்னு ஒரு மென்பொருள், இலவசம். பழைய ஜிஎம்ஆர்டி தரவு சில ஜிகாபைட்கள்தான், சுமாரான கணினியே தாங்கும்.

உடனே எதிர்ப்பேச்சு வரும், எனக்குத் தெரியும். 'தமிழ் மீடியத்துல படிச்சு வர்ற புள்ளைங்களுக்கு இதெல்லாம் ஏறுமா?' ஏறும். முதல் மூணு மாசம் தலை சுத்தும், எல்லாருக்கும் சுத்தும். ரெண்டு படத்தை வெச்சு வித்தியாசம் கண்டுபிடிக்கிறதுக்கு இங்கிலீஷ் எதுக்கு? ஆனந்த ஹோதாங்கறவர் 2013-ல் 'ராட் அட் ஹோம்'னு ஒரு குழு ஆரம்பிச்சார். ஜிஎம்ஆர்டி படங்களை வெச்சு நாடு முழுக்க இருக்கிற கல்லூரிப் பசங்களுக்குப் பழக்கிக் குடுக்கறாங்க, பெரும்பாலும் இணையத்துலயே. ஆக வழி போட்டாச்சு. 'வாத்தியார்களுக்கே தெரியாதே'ன்னு சொன்னா, அது நியாயமான பேச்சு. கௌரவ விரிவுரையாளர்னு பேர் வெச்சு, சொற்ப சம்பளத்துல, வருஷா வருஷம் வேலை இருக்குமா இருக்காதான்னு தெரியாம நிக்கிற ஆள்கிட்ட ஹைமன் மாதிரி வருஷக்கணக்கா ஒரே விஷயத்தைத் தேடச் சொன்னா எப்படிச் செய்வார்? எஸ்கேஏன்னு உலகத் தொலைநோக்கித் திட்டத்துல இந்தியா சேர்றதுக்கு 1,250 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்காங்க. வேண்டியதுதான், நான் குறை சொல்லல. அதுல ஒரு துளி, மாவட்டத்துக்கு ஒரு கல்லூரியில ஒரு நிரந்தர ஆசிரியருக்கும் நாலு கணினிக்கும் போனா என்ன கெட்டுப் போகும்? தொலைநோக்கி கொட்டப் போற தரவைப் பார்க்க ஆள் வேணுமா இல்லையா? 1988-லேர்ந்து பார்க்காம விட்ட கதையைத்தான் மேல சொன்னேனே.

'பொண்ணுங்க ராத்திரியில வானம் பார்க்கப் போகணுமா'ன்னு ஒரு பெரியவர் என்கிட்ட நிஜமாவே கேட்டார். ரேடியோவுக்குப் பகல் ராத்திரி கிடையாதுங்கய்யா, அதுவும் இது எப்பவோ எடுத்து வெச்ச தரவு, மத்தியானம் சாப்பிட்டுட்டு உக்காந்து பார்க்கலாம்னேன். கொஞ்சம் ஏமாந்த மாதிரி போனார்.

இது புதுக்கோட்டை மாவட்டத்துக்காரங்களுக்குச் சொல்ல வேண்டிய கதையே இல்ல. 1990-களின் தொடக்கத்துல அறிவொளி இயக்கம் இங்கதான் பொம்பளைங்களுக்கு எழுத்தோட சேர்த்து சைக்கிளும் கத்துக் குடுத்துச்சு. ஷீலா ராணி சுங்கத் கலெக்டரா இருந்த காலம். அப்பவும் கேலி பண்ணாங்க. சேலை கட்டிக்கிட்டு எப்படி ஓட்டுவேன்னு கேட்டாங்க, ஒழுக்கத்தைப் பத்திப் பேசினாங்க. ஆயிரக்கணக்குல ஓட்டினாங்க. கல் உடைக்கிறவங்க, கூலி வேலைக்குப் போறவங்க, அங்கன்வாடி ஊழியர்கள், எல்லாரும். சாய்நாத் அதைப் பத்தித் தன் புத்தகத்துல எழுதப் போய் உலகத்துக்கே தெரிஞ்சுது. அந்த சைக்கிள்ல ஏறினவங்களோட பேத்திங்கதான் இப்ப பி.எஸ்சி. படிச்சிட்டு மழை மணி சர்க்யூட்டை காசு குடுத்து வாங்கிக்கிட்டு இருக்காங்க.

எங்க வீட்டுப் புள்ளைக்கு போன மாசம் டிஜிஎஸ்எஸ் படத்தைத் திறந்து காமிச்சேன். பால்வீதி மையப் பகுதி, ஒரே களேபரமா இருக்கும். அரை மணி நேரம் ஒண்ணும் பேசாமப் பார்த்துட்டு, "இதே இடத்தை வேற வருஷம் எடுத்தது இருக்கா?"ன்னு கேட்டா. இருக்கும்மான்னேன். இப்ப ஞாயித்துக்கிழமை மதியம் வந்துடறா, கூட ஒரு சிநேகிதியும். எனக்குத்தான் என் கணினி கிடைக்க மாட்டேங்குது.

அடுத்த பதிவுல அந்தப் படங்களை எப்படித் திறக்குறது, எந்த இடத்தைத் தட்டச்சு பண்ணணும், ரெண்டு படத்தை எப்படி ஒப்பிடுறதுன்னு படிப்படியா எழுதறேன். கல்லூரியில பாடம் எடுக்கிற பதிவர்கள் யாராவது இருந்தா தனிமடல் போடுங்க. ஜோசியம் பார்க்கிற நண்பர்களும் போடலாம், திட்டுறதா இருந்தாலும் பரவால்ல.